கொழும்புச் சதுப்புச் சேற்றிலிருந்து பழைய காலநிலையை மீட்டெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கொழும்பின் மழையைக் கருவி கொண்டு தொடர்ச்சியாக அளந்து எழுதிய பதிவுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அப்பால் செல்வதில்லை. அதற்கு முந்தைய மழையை அறிய வேண்டுமானால் சேற்றைத்தான் தோண்ட வேண்டும். களனி கங்கையின் முகத்துவாரத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே கிடக்கும் முத்துராஜவெல, தெற்கே பொல்கொட வாவியின் ஓரங்கள், நகரையொட்டியே பெல்லன்வில–அத்திடிய, கோட்டே பக்கத்துச் சதுப்புகள் எல்லாவற்றிலும் களியும் முற்றா நிலக்கரியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் அந்தக் காலத்துத் தாவரங்களின் மகரந்தமணிகள் அழியாமல் இருக்கின்றன.

சேற்றை எடுப்பதும் மகரந்தத்தை எண்ணுவதும் பயிற்சியால் வந்துவிடும். கடினமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. கரையோரச் சேற்றில் மகரந்தம் மாறுவதற்கு மழை ஒரு காரணம் மட்டுமே. கடல் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மாறும். கால்வாய் வெட்டி உப்புநீர் உள்ளே வந்தாலும் மாறும். காட்டை வெட்டி வயல் செய்தாலும் மாறும். கடல், உப்பு, மனிதர் ஆகிய மூன்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு எஞ்சுவதையே காலநிலை என்று சொல்லலாம். கீழே வரும் படிகள் அந்தக் கழித்தலைச் செய்யக்கூடிய விதத்தில் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன.

படி 1: கேள்வியும் இடமும்

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள். வெப்பநிலை எப்படி மாறியது என்று கேட்கிறீர்கள் என்றால் கொழும்பு உகந்த இடமல்ல. தாழ்நிலத்தில் தாவரங்களைப் பிரித்து வைப்பது நீரும் உப்பும்தான். ஒன்றிரண்டு பாகை வெப்ப மாற்றம் இங்குள்ள மகரந்தத்தில் தெளிவாகத் தெரியாது. ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக 6 முதல் 6.5 பாகை செல்சியஸ் குறையும் மலைநாட்டில்தான் தாவர எல்லைகள் வெப்பநிலைக்கு ஏற்ப மேலும் கீழும் நகரும். இலங்கையின் மிக நீண்ட மகரந்தப் பதிவுகளில் ஒன்று 2,000 மீற்றருக்கு மேலே உள்ள ஹோட்டன் சமவெளியின் முற்றா நிலக்கரியிலிருந்து வந்தது. அது ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. கொழும்புச் சேறு அந்தளவு தூரம் போகாது. கடந்த பனியுகத்தின் உச்சத்தில், அதாவது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது தரையாகக் கிடந்தது. கொழும்பின் கரையும் மேற்கே தள்ளியிருந்தது. கடல் ஏறி வந்த பிறகே இந்தச் சதுப்புகள் உருவாகின. முத்துராஜவெல சுமார் 7,000 ஆண்டுப் பழமையானது என்று கொள்ளப்படுகிறது. ஆகவே இங்கே கேட்கத்தக்க கேள்வி கடந்த ஆறேழாயிரம் ஆண்டுகளின் மழை, உப்பு, காடு பற்றியதாகவே இருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்வதில் கொழும்புக்கே உரிய சிக்கல் கலைந்த நிலம். பேரை வாவி மனிதர் உருவாக்கி, பல முறை தூர்வாரிய நீர்நிலை; அதன் அடியில் ஒழுங்கான படிவை எதிர்பார்க்க வேண்டாம். முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1990களில் கடலிலிருந்து இறைத்த மணலால் நிரப்பப்பட்டது. பழைய நில அளவைத் தாள்களையும் 20ஆம் நூற்றாண்டு வான்படங்களையும் இன்றைய செய்மதிப் படத்துடன் ஒப்பிட்டு, நிரப்பாத, கால்வாய் வெட்டாத, வயலாக உழாத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மெல்லிய இரும்புக் கோலை 20 மீற்றருக்கு ஒரு முறை குத்தி ஆழம் பாருங்கள். மென்சேறு எங்கே மிக ஆழமாக இருக்கிறதோ அங்கே துளையிடுங்கள்.

நீர்நிலையின் அளவும் முக்கியம். சிறிய சதுப்பு தன்னைச் சுற்றியுள்ள சில நூறு மீற்றர்த் தாவரங்களையே பதியும். பெரிய வாவி சுற்றுவட்டாரம் முழுவதையும் பதியும். ஆனால் ஆறு கொண்டுவரும் பழைய மண்ணும் அதில் கலந்துவிடும்.

படி 2: அனுமதி, பருவம், பாதுகாப்பு

சரணாலயப் பகுதிக்குள் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். நகரச் சதுப்புகள் பல வேறு அரச நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளன. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் எந்த நிலம் யாருடையது என்பது தெரியவரும். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்கான அனுமதியையும் இப்போதே கேட்டுவிடுங்கள். சேற்றை எடுத்த பிறகு அதற்காகக் காத்திருந்தால் மாதிரி கெட்டுவிடும்.

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை போவது நல்லது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் குறைவாகப் பெய்யும் மாதங்கள் இவை. மே மாதத்தில் களனி பெருகினால் சதுப்புக்குள் இறங்கவே முடியாது. எலிக்காய்ச்சல் அபாயம் உண்மையானது. இறங்குவதற்கு முன் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காலில் வெட்டுக்காயம் உள்ளவரை சேற்றில் இறக்க வேண்டாம். பொல்கொடவிலும் தியவன்னாவிலும் முதலைகள் உண்டு. படகில் ஒருவர் எப்போதும் நீரைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

படி 3: துளையிடுதல்

முற்றா நிலக்கரிக்கும் மென்களிக்கும் ரஷ்ய வகைத் துளைகருவி போதும். அதன் அறை அரைவட்ட வடிவானது. வழக்கமான நீளம் 50 சென்ரிமீற்றர், விட்டம் 5 சென்ரிமீற்றர். மூடிய நிலையில் ஆழத்துக்கு இறக்கி, கைபிடியை அரைச்சுற்றுத் திருப்பினால் பக்கத்துச் சேற்றை வெட்டி மூடிக்கொள்ளும். சேறு அழுத்தப்படாமல் வருவதே இதன் பெரிய நன்மை. திறந்த நீரடியில் உள்ள மிக மென்மையான மேற்சேற்றுக்கு இது பொருந்தாது. அங்கே ஆடுதண்டு வகைத் துளைகருவியோ, மேலிருந்து அழுத்தும் ஒளிபுகும் குழாயோ வேண்டும்.

ஒரே துளையில் தொடர்ந்து இறங்காதீர்கள். கருவியின் கூர்முனை தனக்குக் கீழே சில சென்ரிமீற்றரைக் கலக்கிவிடும். ஒரு மீற்றருக்குள் இரண்டு துளைகளைத் தெரிந்து, முதல் துளையில் 0–50, இரண்டாவதில் 40–90, மீண்டும் முதலாவதில் 80–130 என 10 சென்ரிமீற்றர் மேற்படியும்படி மாறி மாறி எடுங்கள். ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் பிளந்த பீவீசீக் குழாயில் சறுக்கி வைத்து, மெல்லிய பிளாத்திக்குத் தாளால் இறுக்கிச் சுற்றி, மேல்முனை எது, கீழ்முனை எது, ஆழம் எவ்வளவு, எந்தத் துளை என்பவற்றை அழியா மையால் இரண்டு இடங்களில் எழுதுங்கள். தலைகீழாக வைக்கப்பட்ட ஒரு துண்டு ஒரு முழு ஆய்வையும் வீணாக்கப் போதுமானது.

அன்றைக்கே 4 பாகை செல்சியஸ் குளிரறைக்குக் கொண்டுபோங்கள். உறையவிடக் கூடாது, பனிக்கட்டி படலங்களைக் குலைத்துவிடும். கரையோரச் சேற்றில் இரும்புச் சல்பைட்டு நிறைய உண்டு. காற்றுப் பட்டால் அது ஒட்சியேறிச் சல்பூரிக் அமிலம் உண்டாக்கும். சில வாரங்களில் சேற்றின் நிறம் மாறும், சிப்பி கரையும், மேற்பரப்பில் ஜிப்சப் பளிங்குகள் முளைக்கும். ஆகவே உறையைத் திறப்பது கடைசி வேலை.

படி 4: துண்டைத் திறந்து வாசித்தல்

திறந்தவுடன் முதலில் படம் எடுங்கள். நிற அட்டையும் அளவுகோலும் படத்தில் இருக்கட்டும். பின்னர் மேற்பரப்பை ஒரு மில்லிமீற்றர் குறுக்காகச் சுரண்டிவிட்டு, நிறம், மணல்–களி அளவு, இலை, வேர், சிப்பி, அடுக்கு மாறும் இடம் கூர்மையானதா படிப்படியானதா என்பவற்றைச் சென்ரிமீற்றர் வாரியாக எழுதுங்கள். நீளவாக்கில் சுரண்டினால் மேலுள்ளது கீழே இழுபடும்.

அடுத்து எரிப்பிழப்பு. ஒரு கன சென்ரிமீற்றர் சேற்றை 105 பாகையில் இரவு முழுவதும் உலர்த்தி நிறுங்கள்; 550 பாகையில் 4 மணி நேரம் எரித்து நிறுங்கள்; 950 பாகையில் 2 மணி நேரம் வைத்து மீண்டும் நிறுங்கள். முதல் எரிப்பில் குறைவது சேதனப் பொருள். இரண்டாவதில் குறைவதை 1.36ஆல் பெருக்கினால் காபனேற்றின் அளவு. களி மிகுந்த மாதிரியில் களிக்குள் கட்டுண்ட நீரும் முதல் எரிப்பில் போய்விடும் என்பதால், சில சதவீதச் சேதனத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இந்த ஒரு வளைகோட்டிலேயே ஆற்று வெள்ளக் களி, அமைதியான சதுப்பு, கடல் மணல் மூன்றும் ஓரளவு பிரிந்து தெரியும். இடையில் மெல்லிய மணல் அடுக்கு வந்தால் அவசரப்பட வேண்டாம். அம்பாந்தோட்டைப் பக்கம் கரகன் களப்பில் பழைய சுனாமிகளின் மணல் அடுக்குகள் கண்டறியப்பட்டுள்ளன. அதே தோற்றத்தில் ஆற்று வெள்ள மணலும் இருக்கும். கடல்வாழ் நுண்ணுயிர் ஓடுகள் உள்ளே உண்டா என்று பார்த்தே பிரிக்க வேண்டும்.

படி 5: காலக்கணிப்பு

இந்த வேலையில் பணம் அதிகம் போகும் இடம் இது. மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் இதுவே. துண்டுகள் எல்லாம் சேர்ந்து 4 மீற்றர் என்றால், ரேடியோகாபன் திகதி எட்டுக்குக் குறையும்போது இடையில் படிவு நின்றுபோன காலத்தைக் கண்டுபிடிப்பது கடினம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டாம். முதலில் மேலிருந்து அடி வரை பரவலாக நான்கு. அவற்றின் விடையைப் பார்த்து, வேகம் மாறும் இடங்களில் மீதி நான்கு.

காபன்-14இன் அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டுகள். முறையின் எல்லை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள். “இன்றைக்கு முன்” என்று ஆய்வுகூடம் தரும் எண்ணில் “இன்று” என்பது 1950ஆம் ஆண்டு. அந்த எண்ணை அப்படியே நாட்காட்டி ஆண்டாக எடுப்பது புதியவர்கள் செய்யும் முதற் பிழை. வயது தெரிந்த மரவளையங்கள் போன்றவற்றைக் கொண்டு வரைந்த அளவுத்திருத்த வளைகோட்டின் வழியாக மாற்றியே ஆக வேண்டும்.

எதை அனுப்புவது என்பதே கேள்வியின் பாதி. சேற்றை நீரில் அலசி 250 மைக்குரோமீற்றர் சல்லடையில் விட்டு, விதை, இலைத்துண்டு, பூக்காம்பு போன்ற தரைத் தாவரப் பாகங்களைப் பொறுக்குங்கள். உலர்ந்த நிறை 10 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. வேரை ஒருபோதும் அனுப்பாதீர்கள். கண்டல் மரத்தின் வேர் மேலிருந்து ஒரு மீற்றருக்கும் மேல் இறங்கும். அந்த வேர் தான் ஊடுருவிய சேற்றைவிடப் பல நூறு ஆண்டுகள் இளையதாக இருக்கும். பெரிய மரக்கரித் துண்டு இதற்கு நேர் எதிர்: ஆற்றில் அடிபட்டு வந்த பழைய மரமாக இருக்கலாம். சிப்பியை அனுப்பினால் கடல்நீரின் பழைய காபனுக்கான திருத்தம் தேவை; அதற்குக் கடல் வளைகோட்டையும் உள்ளூர்த் திருத்த எண்ணையும் பயன்படுத்த வேண்டும். பொறுக்கிய பாகங்களை 50 பாகையில் உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். ஈரமாக மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சணம் பிடித்து இன்றைய காபனை உள்ளே சேர்த்துவிடும்.

இலங்கைக்கு எந்த அளவுத்திருத்த வளைகோடு? நாம் வட அரைக்கோளத்தில் இருக்கிறோம். ஆனால் தென்மேல் பருவக்காற்று தென் அரைக்கோளத்துக் காற்றை இங்கே கொண்டுவருகிறது. இரண்டு அரைக்கோள வளைகோடுகளுக்கும் இடையிலான வித்தியாசம் சில பத்து ஆண்டுகள். கலந்த வளைகோட்டைப் பயன்படுத்தலாம், வடக்கு வளைகோட்டை மட்டும் பயன்படுத்தினாலும் பெரிய தவறில்லை. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவைப்பது கட்டாயம்.

மேலுள்ள 30–40 சென்ரிமீற்றருக்கு ஈயம்-210 பொருத்தம். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 22 ஆண்டுகள். ஆகவே 100 முதல் 150 ஆண்டுகள் வரை பயன்படும். அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய சீசியம்-137இன் உச்சம் 1963ஐக் காட்ட வேண்டும். ஆனால் உப்புநீர்ச் சேற்றில் சீசியம் நகரக்கூடும். இங்கே கைகொடுப்பது ஒரு தாவரம்: இறப்பர் மரம் இலங்கைக்கு வந்தது 1876இல். அதன் மகரந்தம் தென்படும் ஆழம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. மேற்பகுதித் திகதிகளை அதைக் கொண்டு சரிபார்க்கலாம்.

திகதிகளை நேர்கோட்டால் இணைக்காதீர்கள். பேக்கன் போன்ற, நிகழ்தகவைக் கொண்டு கணிக்கும் பேய்சியன் மென்பொருள் ஒவ்வோர் ஆழத்துக்கும் வயதையும் அதன் நிச்சயமின்மையையும் சேர்த்தே தரும். 4 மீற்றருக்கு 7,000 ஆண்டு என்றால் ஒரு சென்ரிமீற்றர் சராசரியாக 17.5 ஆண்டு. ஒரே ஓர் ஆண்டின் வறட்சியை இதில் தேட முடியாது. நூற்றாண்டு அளவிலான மாற்றத்தையே தேடலாம்.

படி 6: மகரந்தத்தைப் பிரித்தெடுத்தல்

முதற் சுற்றில் 20 சென்ரிமீற்றருக்கு ஒன்று என 20 மாதிரிகள் செய்யுங்கள். மாற்றம் எங்கே என்று தெரிந்த பிறகு அந்த இடங்களை 4 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நெருக்குங்கள்.

ஒவ்வொன்றிலும் நீர் இடப்பெயர்ச்சி முறையில் அளந்த 1 கன சென்ரிமீற்றர் சேறு. பின்னர் செறிவைக் கணக்கிடுவதற்காக, லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் வித்திகள் எண்ணி அடைக்கப்பட்ட மாத்திரை இரண்டை அதில் போடுங்கள். ஒவ்வொரு மாத்திரையிலும் எத்தனை வித்திகள் என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும். குப்பியில் உள்ள எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் இந்த இனத்தின் உறவுத் தாவரங்கள் இயற்கையாகவே வளர்கின்றன. ஆகவே மாத்திரை போடாத ஒரு தட்டை முதலில் பார்த்து, சேற்றிலேயே ஒத்த வித்திகள் உண்டா என்று உறுதி செய்யாவிட்டால் செறிவுக் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

பின்னர் வரிசை இது. 10 சதவீத ஐதரோகுளோரிக் அமிலம், நுரை அடங்கும் வரை. இது மாத்திரையைக் கரைத்துக் காபனேற்றையும் நீக்கும். 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, கொதிநீர்த் தொட்டியில் 10 நிமிடம். முற்றா நிலக்கரியின் கபிலச் சாறு கழன்று வரும். 150 மைக்குரோமீற்றர் சல்லடையில் வடித்து, மேலே தங்குவதைக் கரித்துண்டு எண்ணுவதற்காகத் தனியே வையுங்கள். கழுவும் நீர் தெளியும் வரை மையநீக்கியில் நிமிடத்துக்கு 3,000 சுற்று, ஒவ்வொரு முறையும் 4 நிமிடம். இங்கே பொறுமை இழந்து சுற்றைக் குறைத்தால் சிறிய மணிகள் நீரோடு போய்விடும்; போவது பெரும்பாலும் கண்டல் மகரந்தம்.

களியையும் மணலையும் நீக்கப் பலரும் சொல்வது ஐதரோபுளோரிக் அமிலம். அது தோலைத் துளைத்து எலும்பு வரை போகும். சிறு பரப்பில் பட்டாலும் உயிராபத்து. இதற்கென்றே அமைத்த புகைக்கூண்டும், பயிற்சி பெற்ற இரண்டாவது ஆளும், கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பும் இல்லாத ஆய்வுகூடத்தில் இதைத் தொடவே கூடாது. அதற்குப் பதிலாகச் சோடியம் பொலிதங்குதேற்றுக் கரைசலை அடர்த்தி 2.0க்குத் தயாரித்து மையநீக்கியில் 20 நிமிடம் விடுங்கள். மகரந்தம் மிதக்கும், அடர்த்தி 2.65 உள்ள படிகக்கல் மணல் அடியில் தங்கும். கரைசலை வடித்து, ஆவியாக்கி, மீண்டும் பயன்படுத்தலாம். கொழும்பில் மாணவர் செய்யும் வேலைக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

கடைசியாக அசற்றொலிசிஸ், அதாவது செலுலோசையும் மணியின் உள்ளடக்கத்தையும் அமிலத்தால் நீக்குதல். நீரின் சுவடே இருக்கக் கூடாது என்பதால் முதலில் உறைநிலை அசற்றிக் அமிலத்தால் இரண்டு முறை கழுவுங்கள். 9 பங்கு அசற்றிக் நீரிலிக்குள் 1 பங்கு செறிந்த சல்பூரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு அன்றன்றே தயாரிக்க வேண்டும். இந்தக் கலவையில் ஒரு துளி நீர் விழுந்தாலும் சீறித் தெறிக்கும். 90 பாகையில் 3 முதல் 4 நிமிடம். அதற்கு மேல் வைத்தால் மணிகள் வீங்கிக் கறுத்து, அளவை நம்ப முடியாமல் போகும். மீண்டும் அசற்றிக் அமிலம், பிறகு நீர், பிறகு நீரை அகற்ற எதனோல், பிறகு சிலிக்கன் எண்ணெய்.

ஒவ்வொரு தொகுதியுடனும் மாத்திரை மட்டும் போட்ட வெற்று மாதிரி ஒன்று போக வேண்டும். ஆய்வுகூடத்து யன்னல் வழியாகப் புல்லும் சவுக்கும் எப்போதும் உள்ளே வந்துகொண்டிருக்கும். வெற்று மாதிரியில் அவை தென்பட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் சந்தேகியுங்கள்.

படி 7: எண்ணுதல்

நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் எண்ணி, ஐயமானவற்றை 1,000 மடங்கில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஒப்பிடுவதற்கு உள்ளூர் மகரந்தத் தொகுப்பு இல்லாமல் இந்த வேலை நடக்காது. வேறு நாட்டுப் படப்புத்தகத்தை வைத்து இலங்கைக் காட்டுமரங்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் ஊகமாகவே முடியும். பேராதனைத் தேசிய உலர் தாவரகத்தில் அனுமதி பெற்று, பெயர் உறுதியான மாதிரிகளின் மகரந்தப் பையிலிருந்து சிறிதளவு எடுத்து, அதே அசற்றொலிசிஸ் முறையில் தட்டுகள் செய்துகொள்ளுங்கள்.

எத்தனை எண்ணுவது? 300 மணிகளில் ஓர் இனம் 10 சதவீதம் என்றால் உண்மை அளவு 7க்கும் 14க்கும் இடையில் இருக்கலாம். 100 மட்டும் எண்ணினால் 5க்கும் 17க்கும் இடையில். ஆகவே 300 என்பது கீழெல்லை. அதிலும், இந்த 300 தரைத் தாவரங்களின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். கண்டல், கோரை, சம்பு, பன்ன வித்தி போன்ற சதுப்பிலேயே வளர்பவற்றை இந்தக் கூட்டுத்தொகைக்கு வெளியே வைத்துத் தனியாகக் கணக்கிடுங்கள். கண்டல் மகரந்தம் பாதிக்கு மேல் இருக்கும் மாதிரியில் மொத்தம் 800 வரை எண்ண நேரிடும். சலிப்பான வேலைதான்; குறுக்குவழி கிடையாது.

சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். கண்டல் கூடினால் காடு அப்படியே நின்றாலும் அதன் சதவீதம் குறையும். அதனால்தான் மாத்திரை. 300 மகரந்தமும் 150 மாத்திரை வித்தியும் எண்ணப்பட்டு, மொத்தம் 20,000 வித்திகள் போட்டிருந்தால் செறிவு ஒரு கன சென்ரிமீற்றருக்கு 40,000 மணி. படிவு வேகம் ஆண்டுக்கு 0.05 சென்ரிமீற்றர் என்றால், ஆண்டுக்கு ஒரு சதுர சென்ரிமீற்றரில் 2,000 மணி விழுந்திருக்கிறது. இந்த எண் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே நிற்கும். ஒன்று மற்றதை இழுக்காது.

எண்ணும்போது நினைவில் வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு: இல்லாத மகரந்தம் இல்லாத மரத்தைக் காட்டாது. கொழும்பின் வரலாற்றையே மாற்றிய கறுவா இதற்குச் சரியான சான்று. அதன் குடும்பத்து மகரந்தத்தின் சுவர் மிக மெல்லியது. சேற்றிலும் தங்காது, அசற்றொலிசிஸையும் தாங்காது. கறுவாத்தோட்டம் என்று பெயர் பெற்ற நிலத்தின் நடுவே துளையிட்டாலும் கறுவா மகரந்தம் கிடைக்காமல் போகலாம். ஹொர போன்ற ஈரவலயப் பெருமரங்கள் பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை பெறுபவை. காடு நிறைய அவை நின்றாலும் சேற்றில் சில சதவீதமே வரும். ஆகவே அவற்றின் 2 சதவீதத்தையும் கண்டலின் 40 சதவீதத்தையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

படி 8: கடல், உப்பு, மனிதர்

கடல். சுமார் 7,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கையின் தென்மேல், தென் கரைகளில் கடல் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்ததை உள்நாட்டில் புதைந்துள்ள சிப்பி, பவளப் படிவுகள் காட்டுகின்றன. அதன் பிறகு கடல் பின்வாங்கக் கண்டல் குறைந்து புல்லும் கோரையும் கூடும். அதே மாற்றம் மழை மாறினாலும் வரும். இரண்டையும் பிரிக்க டயற்றம்களை, அதாவது சிலிக்கா ஓடுடைய ஒற்றைக்கல அல்காக்களைப் பாருங்கள். அதே ஆழத்திலிருந்து அரைக் கிராம் சேற்றை 30 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டில் சூடாக்கினால் அவற்றின் சிலிக்கா ஓடுகள் மட்டும் மிஞ்சும். கடல் இனம், உவர்நீர் இனம், நன்னீர் இனம் எனப் பிரித்து எண்ணலாம். மகரந்தம் மாறும் ஆழத்தில் டயற்றம்களும் கடலிலிருந்து நன்னீருக்கு மாறியிருந்தால், அந்த மாற்றத்தை மழையின் கணக்கில் எழுத வேண்டாம்.

காபன்-13 விகிதத்தைப் பயன்படுத்துவோர் இங்கே ஒரு பொறியில் விழுகிறார்கள். மரங்களும் கண்டலும் ஆயிரத்துக்கு −27 அளவில் இருக்கும். வெப்பநாட்டுப் புற்கள் பல −13 அளவில். −22 வந்தால் புல்வெளி கூடியது, வறட்சி வந்தது என்று எழுதத் தோன்றும். ஆனால் கடல் அல்காவும் −20 முதல் −22 தான். காபன்–நைதரசன் விகிதத்தைச் சேர்த்துப் பாருங்கள். 10க்குக் கீழே என்றால் அல்கா. 20க்கு மேலே என்றால் தரைத் தாவரம்.

உப்பு கடல் மட்டத்தால் மட்டும் வருவதில்லை. முத்துராஜவெலவைக் கரையோரக் கால்வாய்கள் பல நூற்றாண்டுகளாக ஊடறுத்திருக்கின்றன. ஹமில்டன் கால்வாய் 1804இல் முடிக்கப்பட்டது. கடைசி சில நூற்றாண்டுகளின் உவர்த்தன்மை மாற்றத்தை முதலில் கால்வாய்களோடு ஒப்பிட வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் ஒல்லாந்தர் கால ஆவணங்கள் இதற்கு உதவும்.

மனிதரைப் பிரிப்பது எல்லாவற்றிலும் கடினம். ஈரவலயத்தில் மனிதர் 40,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்திருக்கிறார்கள். “மனிதர் வருவதற்கு முந்தைய இயற்கை” என்று ஓர் எல்லைக்கோடு நம் சேற்றில் இல்லை. சல்லடையில் தங்கிய, 150 மைக்குரோமீற்றருக்கு மேற்பட்ட கரித்துண்டுகள் அருகில் எரிந்த தீயைக் காட்டும். ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் தாழ்நிலக் காடு தானாக எரிவது அரிது. ஆகவே கரி கூடும்போது முதலில் சேனைச் செய்கையை நினையுங்கள். நெல்லின் மகரந்தத்தைக் காட்டுப்புல்லிலிருந்து பிரிப்பது நம்பகமானதல்ல. அதற்கு இலைகளிலும் உமியிலும் உருவாகும் சிலிக்காக் கற்கள்தான் வேண்டும். உமியிலுள்ள இரட்டைக் கூம்பு வடிவம் நெல்லைத் தெளிவாகக் காட்டும். கரி, நெற்கல், தென்னை, கமுகு ஆகியவை ஒன்றாகக் கூடி மரங்கள் குறையும் ஆழத்தில் மழை பற்றி ஒரு வரியும் எழுதாதிருப்பதே நேர்மை.

படி 9: மகரந்தத்திலிருந்து மில்லிமீற்றருக்கு

இன்றைய மேற்சேற்று மகரந்தத்தையும் இன்றைய மழையையும் இணைக்கும் தொகுப்பு ஒன்று தேவை. இலங்கை இதற்கு வாய்ப்பான நாடு. அம்பாந்தோட்டையில் ஏறத்தாழ 1,050 மில்லிமீற்றர், கொழும்பில் 2,400, இரத்தினபுரியில் 3,700 அளவு எனச் சிறிய தூரத்துக்குள் மழை மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. அறுபது எழுபது இடங்களிலாவது, ஒரே வகை நீர்நிலையிலிருந்து, மேல் ஒரு சென்ரிமீற்றரை எடுங்கள். உலர்வலயக் குளச்சேற்றையும் கரையோரச் சதுப்பையும் கலந்தால், கணக்கு மழையை அளக்காது. நீர்நிலையின் வகையை அளக்கும்.

ஒவ்வோர் இனமும் விரும்பும் மழையளவைக் கொண்டு மழையை மதிப்பிடும் நிறையிட்ட சராசரிப் பின்னடைவு முறையை ஆர் மென்பொருளின் ரியோஜாப் பொதியில் ஓட்டலாம். பிழையைக் கணக்கிடும்போது ஒரு மாதிரியை மட்டும் விலக்கிச் சோதிப்பது போதாது. பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒரே மழையையும் ஒரே தாவரத்தையும் கொண்டிருப்பதால் விடை உண்மையைவிட அழகாகத் தெரியும். சோதிக்கும் இடத்தைச் சுற்றிய சில பத்துக் கிலோமீற்றர் மாதிரிகள் அனைத்தையும் சேர்த்து விலக்குங்கள். அதன் பிறகும் பிழை 500 மில்லிமீற்றராக இருந்தால், 300 மில்லிமீற்றர் மாற்றத்தைக் கண்டுபிடித்தோம் என்று சொல்ல முடியாது.

தாவரப் பரப்பளவைக் கணக்கிடும் ரெவீல்ஸ் முறையை ஐரோப்பாவில் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அது காற்றில் பரவும் மகரந்தத்தையும், ஒவ்வோர் இனத்தின் மகரந்த உற்பத்தி எண்ணையும் நம்பி நிற்பது. பூச்சிகளை நம்பும் மரங்கள் நிறைந்த நம் ஈரவலயத்துக்கு அதை அப்படியே கொண்டுவருவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

படி 10: கணினிக் காலநிலை மாதிரிகளோடு ஒப்பிடுதல்

பழங்காலக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளை ஒப்பிடும் பன்னாட்டுத் திட்டமான பீமிப்பின் வெளியீடுகளை இலவசமாகத் தரவிறக்கலாம். நமக்கு வேண்டியது 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய பரிசோதனையும், தொழிற்புரட்சிக்கு முந்தைய ஒப்பீட்டு ஓட்டமும். தொடர்ச்சியான மாற்றம் வேண்டுமானால் கடந்த 22,000 ஆண்டுகளை ஓட்டிய டிரேஸ் மாதிரி உண்டு. 6,000 ஆண்டுகளுக்கு முன் புவியின் சுற்றுப்பாதை வேறாக இருந்ததால் வட அரைக்கோளக் கோடையில் சூரிய ஒளி இன்றையதைவிட அதிகம். தெற்காசியப் பருவமழையும் பொதுவாக வலுத்திருந்தது.

மாதிரியின் எண்ணை நேரடியாகக் கொழும்போடு ஒப்பிடாதீர்கள். பல மாதிரிகளில் ஒரு கட்டம் 100 முதல் 200 கிலோமீற்றர் அகலம். இலங்கை முழுவதும் சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். 2,524 மீற்றர்ப் பீதுருதாலகால மலை சில நூறு மீற்றர் மேடாகத் தட்டையாகிவிடும். மலை இல்லாவிட்டால் ஈரவலயமும் உலர்வலயமும் பிரியாது. ஆகவே விகிதத்தை எடுங்கள். மாதிரி ஒப்பீட்டு ஓட்டத்தில் 1,500 மில்லிமீற்றரும் 6,000 ஆண்டுகளுக்கு முன் 1,650 மில்லிமீற்றரும் காட்டினால் விகிதம் 1.1. அதை அளக்கப்பட்ட 2,400ஆல் பெருக்கினால் 2,640. வெப்பநிலைக்கு விகிதமல்ல, வித்தியாசம். ஒரு மாதிரியோடு நிற்காமல் கிடைக்கும் அனைத்தையும் எடுத்து, அவற்றின் பரம்பலைக் காட்டுங்கள். மாதக்கணக்கில் பார்க்கும்போது இன்னொரு சிக்கல்: சுற்றுப்பாதை மாறினால் மாதங்களின் நீளமும் மாறும். அந்த நாட்காட்டித் திருத்தத்தைச் செய்யாவிட்டால் ஒக்டோபர்–நவம்பர் இடைப்பருவ மழை போலியாக நகர்ந்து தெரியும்.

பிறகு அந்த மழையையும் வெப்பநிலையையும் பயோம்-4 போன்ற தாவர மாதிரிக்குக் கொடுத்து, எந்த வகைக் காடு வந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். காபனீரொட்சைட்டு அளவை மாற்ற மறக்காதீர்கள். 6,000 ஆண்டுகளுக்கு முன் அது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 264 பங்கு. பனியுக உச்சத்தில் 190 அளவு. குறைந்த காபனீரொட்சைட்டில் மரங்கள் தளர்ந்து புற்கள் மேலோங்கும். ஹோட்டன் சமவெளியின் பழைய அடுக்குகளில் புல் மிகுவதை முழுக்க வறட்சியின் கணக்கில் எழுதினால் மழைக்குறைவு பெரிதாகிவிடும்.

சேறும் மாதிரியும் முரண்பட்டால் இரண்டில் ஒன்றை வளைத்துப் பொருத்த முனைய வேண்டாம். மாதிரி ஈரம் என்கிறது, சேறு கண்டல் குறைந்ததைக் காட்டுகிறது என்றால், படி 8க்குத் திரும்புங்கள். டயற்றம்கள் விடை சொல்லும். மாதிரியைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் மகரந்த முடிவை எழுதித் திகதியிட்டு வைத்துவிட்டால், பின்னர் அறியாமல் திருத்திக்கொள்ளும் ஆபத்தும் இராது.

பாதுகாத்து வைத்தல்

துண்டின் பாதியைத் தொடாமல் குளிரறையில் வையுங்கள். இன்று இல்லாத ஒரு முறையால் நாளை இன்னொருவர் அதைத் திறக்கக்கூடும். அதே இடம் அதற்குள் கட்டடமாகியிருக்கலாம். தரவை நியோட்டோமா போன்ற திறந்த களஞ்சியத்தில் சேர்க்கும்போது சதவீதங்களைத் தராமல் எண்ணிய மூல எண்ணிக்கைகளையும், வயதோடு ஆழத்தையும், அளவுத்திருத்தம் செய்யாத ரேடியோகாபன் எண்களை அவற்றின் ஆய்வுகூடக் குறியீட்டோடும் தாருங்கள். அளவுத்திருத்த வளைகோடு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். மூல எண்கள் இருந்தால்தான் உங்கள் 4 மீற்றர்ச் சேற்றின் வயதை அப்போது மீண்டும் கணக்கிட முடியும்.